அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில்
பொன்விழா மகளிர் கருத்தரங்கில் சங்கத்தின் மகளிர் பிரிவு சார்பில் ஆற்றிய உரை





பொன்விழா மேடையில் மகளிர் பிரிவுக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள். நன்றி. கடந்து வந்த பாதையைச் சொல்ல நம் மூத்தவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் ஒரே ஒரு பணியைப் பற்றி மட்டும் பேச வந்திருக்கிறோம். வாடகை வீடுகளில் குடியிருக்கும், வருமானம் குறைந்த தாய்மார்களைச் சிறு குழுவாகக் கூட்டி, பிள்ளை வளர்ப்புத் திறன்களைச் சேர்ந்து பழகும் பணி. இதைத் தொடர்வதா, அந்தத் தொகையைத் துணைப்பாட வகுப்புக்கே திருப்பிவிடுவதா என்ற கேள்வி இப்போது செயற்குழுவின் முன் இருக்கிறது. ஆகவே இதை விழா உரை என்பதைவிட விண்ணப்பம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எங்கள் காதில் அதிகம் விழுந்த கேள்வி. "நம்மைப் பெற்றவர்கள் எந்த வகுப்புக்குப் போய்ப் பிள்ளை வளர்த்தார்கள்?" நியாயமான கேள்விதான். கேட்டவர்களில் பலர் எங்கள் மாமியார்மார்கள் என்பதால் பதிலைச் சற்று யோசித்தே வைத்திருக்கிறோம்.

கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்த குடும்பங்கள் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் நெருங்கி வாழ்ந்த காலத்தை இங்கே இருக்கும் பெரியவர்கள் அறிவார்கள். பிழைப்புக்காக ஆண்கள் மட்டும் கடல் கடந்து வந்த காலத்தில், கடையநல்லூரார் பெண்டு பிள்ளைகளோடு வந்தார்கள். பெண்கள் மசாலா இடித்து விற்றுக் குடும்பத்துக்குத் தோள் கொடுத்தார்கள். அந்தச் சமூகம்தான் 1946-இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. ஒரு தாய் உலக்கையைப் பிடித்திருக்கும்போது அவள் பிள்ளை யார் மடியிலாவது இருந்தது. பால்குடி மறக்கவைப்பது எப்படி, அடம்பிடிக்கிறவனை எப்படித் திருப்புவது, மூத்தவள் பொறாமைப்பட்டால் என்ன செய்வது என்பதையெல்லாம் இடித்துக்கொண்டே கேட்டார்கள், இடித்துக்கொண்டே சொன்னார்கள். தலைப்பிள்ளைக்காரியின் பக்கத்தில் ஆறு பெற்றவள் உட்கார்ந்திருந்தாள். அதற்கு வகுப்பு என்று பெயரில்லை, அவ்வளவுதான்.

பிறகு குடும்பங்கள் வீவக அடுக்குமாடிகளுக்குப் பிரிந்து போயின. உமறுப் புலவர் பள்ளியும் 1982-இல் மூடப்பட்டது. வசதி வந்தது, குழாய்த் தண்ணீரும் மின்தூக்கியும் வந்தன. அந்த உட்காரல் போயிற்று. வசதியுள்ள குடும்பத்துக்கு அதற்கு ஈடாக வேறு சில கிடைத்தன: வாகனம் ஏறிப் போனால் அம்மா வீடு, வீட்டுப் பணிப்பெண், பாலர் பள்ளி ஆசிரியையோடு ஆங்கிலத்தில் பேசித் தெளிவுபெறும் வாய்ப்பு. ஓரறை வாடகை வீட்டில், ஊரிலிருந்து கல்யாணமாகி வந்து, மாலையில் உணவங்காடியில் மேசை துடைக்கும் வேலைக்குப் போகும் தாய்க்கு இவற்றில் எது இருக்கிறது? அவளுடைய அம்மா கடையநல்லூரில் இருக்கிறார். கைப்பேசித் திரையில் பேத்தியைப் பார்த்து அழுகிறார். பிள்ளையைத் தூக்கிக்கொள்ள அந்தத் திரைக்குக் கை இல்லை.

இரண்டாவது பேச்சு கொஞ்சம் உறுத்தலானது. நேரில் எங்களிடம் யாரும் சொல்லவில்லை, சுற்றி வந்து சேர்ந்தது. ஏழைத் தாய்க்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை, அதனால்தான் அவர்களுக்கு மட்டும் வகுப்பு என்பது அந்தப் பேச்சு. இதை ஆதரவாகச் சொன்னவர்களும் உண்டு, கோபமாகச் சொன்னவர்களும் உண்டு. இரண்டு தரப்புக்கும் ஒரு செய்தி சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் கரும்பு பயிரிடும் விவசாயிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. கரும்புக்காரருக்குப் பணம் ஆண்டுக்கு ஒரு முறை, வெட்டு முடிந்த பின்தான் கைக்கு வரும். வெட்டுக்கு முன் அடகு, கடன், கைமாற்று. வெட்டுக்குப் பின் கொஞ்சம் மூச்சு. 464 விவசாயிகளுக்கு வெட்டுக்கு முன்பும் பின்பும் யோசனைத் திறனைச் சோதிக்கும் ஒரே வகைப் புதிர்களைக் கொடுத்தார்கள். பணம் இல்லாத மாதங்களில் அதே மனிதர் மோசமாகச் செய்தார், பணம் வந்த பின் நன்றாகச் செய்தார். ஆள் மாறவில்லை, படிப்பு மாறவில்லை. நாளைக்கு என்ன செய்வது என்ற கணக்கு மூளையில் இடம்பிடித்துக்கொண்டால், எதிரே நிற்கிறதைப் பார்க்க இடம் குறைந்துபோகிறது.

மின்சாரக் கட்டணம் பாக்கி, பள்ளிக் காலணி பிய்ந்துவிட்டது, நாளை வேலைக்கு வரச்சொல்வார்களா தெரியாது. இத்தனையும் தலையில் ஓடும் நேரத்தில் நான்கு வயதுப் பிள்ளை சோற்றைக் கொட்டுகிறது. அந்த நொடியில் கை ஓங்குவது அறியாமை என்று எங்களுக்குத் தோன்றவில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் யாருடைய கையும் அப்படி ஓங்கும். நாங்கள் சேர்ந்து பழகுவது அந்த நொடியில் யோசிக்காமலே கைகொடுக்கக்கூடிய சில பழக்கங்களை. தொழுகைக்கு ஒளுச் செய்யும்போது அடுத்து முகமா கையா என்று யோசிப்பதில்லையே, அது போல.

இந்தப் பழக்கங்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் ஆய்வுக்கூடத்தில் காத்திருக்காமல், வீடுகளுக்கு ஆள் அனுப்பித் தாயும் பிள்ளையும் அடுத்தடுத்து என்ன செய்கிறார்கள் என்று குறிக்கச் செய்தார். 1982-இல் வந்த அவருடைய நூலின் சாரத்தை ஒரு மளிகைக் கடை வாசலில் வைத்துச் சொல்லலாம். பிள்ளை மிட்டாய் கேட்கிறது. அம்மா வேண்டாம் என்கிறாள். பிள்ளை சிணுங்குகிறது, கத்துகிறது, தரையில் விழுந்து புரள்கிறது. எல்லோரும் பார்க்கிறார்கள். அம்மா வாங்கிக் கொடுத்துவிடுகிறாள். பிள்ளை அடங்குகிறது. இதில் பிள்ளை கற்றது: புரண்டால் கிடைக்கும். அம்மா கற்றது: கொடுத்தால் அடங்கும். மறுநாள் அம்மா கொடுக்கவில்லை, ஓர் அறை விடுகிறாள். பிள்ளை அடங்குகிறது. இப்போது அம்மா கற்றது: அடித்தால் அடங்கும். ஒவ்வொரு முறையும் புரளலும் கூடுகிறது, அறையும் கூடுகிறது. இருவரும் ஒருவரை ஒருவர் பழக்கிக்கொண்டிருக்கிறார்கள். இதை நாங்கள் குழுவில் நடித்துக் காட்டியபோது தாய்மார்கள் சிரித்த சிரிப்பில் அறை அதிர்ந்தது. சிரித்து முடிந்த பின் ஒருவர், "என் மாமியாரும் நானும்கூட இப்படித்தான்" என்றார். அதைப் பற்றித் தனியே ஒரு கருத்தரங்கு வைக்கலாம்.

அதே ஓரிகனில் 1960-களில் கான்ஸ்டன்ஸ் ஹேன்ஃப் என்ற அம்மையார் பயிற்சியை இரண்டு கட்டமாகப் பிரித்தார். முதல் கட்டம் விளையாட்டு. தினமும் சிறிது நேரம் பிள்ளை வழிநடத்த, தாய் பின்தொடர்ந்து விளையாடுவது. கண்டிப்பு, கட்டளை எல்லாம் இரண்டாவது கட்டத்தில்தான். இன்று உலகம் முழுவதும் நடக்கும் பல திட்டங்களின் அடித்தளம் இந்த வரிசைதான். சியாட்டல் நகரில் கரோலின் வெப்ஸ்டர்-ஸ்ட்ராட்டன் உருவாக்கிய 'இன்கிரெடிபிள் இயர்ஸ்' திட்டமும் அப்படித்தான். அவர் தனித்தனியே ஆலோசனை சொல்வதற்குப் பதில் பத்துப் பன்னிரண்டு பெற்றோரைக் குழுவாக உட்காரவைத்தார். சிறு காணொளித் துண்டுகளைக் காட்டி, 'இந்த அம்மா இப்போது என்ன செய்திருக்கலாம்' என்று அவர்களையே பேசவைத்தார். வருமானம் குறைந்த குடும்பங்களின் குழந்தைகளுக்கான 'ஹெட் ஸ்டார்ட்' நிலையங்களின் தாய்மார்களிடம் இதைக் கொண்டுபோய்ச் செய்த ஆய்வு 1998-இல் வந்தது. வேல்ஸ் நாட்டில் பின்தங்கிய 11 வட்டாரங்களில் 153 பெற்றோரிடம் நடந்த ஆய்வு 2007-இல் வெளியானது. பிள்ளைகளின் நடத்தைச் சிக்கல்கள் குறைந்தன, பெற்றோரின் மனச்சோர்வும் குறைந்தது.

செல்வ நாடுகளின் திட்டங்களுக்கு உரிமக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று செலவு அதிகம். அதற்கு மாற்றாக உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து இலவசமாகக் கிடைக்கும் ஒரு பாடத்திட்டத்தை வளர்த்தன. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனை ஒட்டிய கயெலிட்ஷா, நியாங்கா குடியிருப்புகளில் 296 குடும்பங்களோடு சோதித்தார்கள். 'சினோவுயோ' என்று பெயர். கோசா மொழியில் 'எங்களுக்கு மகிழ்ச்சி இருக்கிறது' என்று பொருள். குழுவை நடத்தியவர்கள் அந்த மொழி பேசும் அந்த ஊர்க்காரர்கள். பாடத்தை ஒரு வீட்டுக்கு ஒப்பிடுவார்கள்: பிள்ளையோடு கழிக்கும் நேரமும் பாராட்டும் சுவர்கள், கட்டுப்பாடு கூரை, சுவர் எழும்பாமல் கூரை நிற்காது. அதே பாடம் பிலிப்பீன்ஸில் 'மசாயாங் பமில்யா' என்ற பெயரில், அரசாங்க உதவித்தொகை பெறும் மணிலா குடும்பங்களிடம் போனது. எங்களுக்கு இந்த இரண்டும்தான் நெருக்கமாகப் பட்டன. உளவியல் பட்டம் இல்லாத உள்ளூர்ப் பெண்கள் முறையாகப் பயிற்சி பெற்று நடத்த முடியும் என்றால், நம் ராத்தாமார்களாலும் முடியும்.

சிங்கப்பூரில் ஒன்றுமில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 'டிரிப்பிள் பி' என்ற ஆஸ்திரேலியத் திட்டம் 2014-இல் பள்ளிகள் வழியாகத் தொடங்கியது. 2016-இல் 'கிட்ஸ்டார்ட்' வந்தது. கருவுற்ற காலம் முதல் பிள்ளைக்கு ஆறு வயதாகும் வரை வருமானம் குறைந்த குடும்பங்களோடு கூடவே வருகிறது. 2019-இல் வாடகை வீட்டுக் குடும்பங்களுக்காக 'கம்லிங்க்' வந்தது. இவற்றோடு போட்டி போடுவது எங்கள் எண்ணமில்லை, அதற்கு நம்மிடம் பணமும் இல்லை. எங்கள் இடம் சிறியது: தமிழில் பேசினால்தான் மனம் திறக்கும் தாய், பர்தாவைக் கொஞ்சம் தளர்த்தி உட்காரப் பெண்கள் மட்டுமுள்ள அறை வேண்டும் என்று நினைக்கும் தாய், அதிகாரிகள் வீட்டைக் குறித்துக்கொண்டு போவார்கள் என்று பயந்து எங்கும் போகாத தாய். இவர்களுக்குச் சங்கம் என்றால் நோன்புக் கஞ்சி வாங்கிய இடம். கதவைத் தட்டத் தயக்கமில்லை.

இனி, எப்படி நடத்துகிறோம் என்று சொல்கிறோம். ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின் தொடங்கி மஃரிபுக்கு முன் முடிப்போம். நம் ஊரில் அந்த இடைவெளி இரண்டரை மணி நேரத்துக்கும் கூடுதல், பாடத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல. பிள்ளைகள் அடுத்த அறையில் இருப்பார்கள். மதரசாவில் படிக்கும் நம் பெண்பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். வந்ததும் தேநீரும் ஏதாவது பலகாரமும். போகும்போது கையில் இரவுச் சாப்பாட்டுப் பொட்டலம், வீட்டில் எத்தனை பேரோ அத்தனை.

இந்தப் பொட்டலத்தைப் பற்றிக் கணக்குக் குழு கேட்டது. பயிற்சிக்கு ஆகும் செலவைவிடச் சாப்பாட்டுச் செலவு கூடுதலாக இருக்கிறதே என்று. உண்மைதான், கூடுதல்தான். ஞாயிறு மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பும் தாய் அதன் பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும் என்றால், அவள் வரமாட்டாள். அல்லது ஐந்தரைக்கே எழுந்துபோவாள். சோறு இங்கே விருந்துபசாரக் கணக்கில் வராது. நாற்காலி, வாடகை, மின்சாரம் போன்ற கணக்கில் எழுதுங்கள். சியாட்டலிலும் இதையே செய்தார்கள்: உணவு, குழந்தைக் காப்பு, போக்குவரத்து மூன்றையும் திட்டத்தின் பகுதியாகவே வைத்தார்கள்.

முதல் வாரத்து வீட்டுப்பாடம் தினமும் பத்து நிமிடம் பிள்ளையோடு விளையாடுவது. கேட்க எளிது. எந்தக் கட்டளையும் கூடாது, கேள்வி கேட்டுச் சோதிக்கக் கூடாது, 'இது என்ன நிறம், சொல்லு' கூடாது. பிள்ளை செய்வதைச் சொல்லிக்கொண்டே கூட இருக்க வேண்டும்: 'சிவப்பு மூடியை மேலே வைத்துவிட்டாயா, இப்போது நீலத்தைத் தேடுகிறாய்.' விளையாட்டுச் சாமான் இல்லையே என்றார்கள். பால்டின் மூடிகள், துணி மாட்டும் கிளிப்புகள், பழைய அரிசிப் பை போதும் என்று காட்டினோம். மறுவாரம் வந்து, பத்து நிமிடம் பேசாமல் இருப்பது நோன்பைவிடக் கஷ்டம் என்றார் ஒருவர். மகன் முதல் நாள் சந்தேகமாகப் பார்த்தானாம், "அம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டானாம்.

பாராட்டுவதில்தான் நாங்கள் எதிர்பாராத முட்டுக்கட்டை வந்தது. பிள்ளை நல்லது செய்தால் எதைச் செய்தது என்று பெயர் சொல்லிப் பாராட்ட வேண்டும் என்பது பாடம். தாய்மார்கள் தயங்கினார்கள். முகத்துக்கு நேரே புகழ்ந்தால் கண்பட்டுவிடும், தலைக்கனம் ஏறிவிடும் என்று வளர்ந்தவர்கள் நாம். பாடநூலில் இதற்கு விடை இல்லை. விடையைச் சொன்னவர் குழுவிலேயே மூத்தவர், பேரப்பிள்ளையை வளர்க்கும் ஒரு நன்னி. "மாஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டுச் சொல்லுங்களேன்" என்றார். அவ்வளவுதான். "மாஷா அல்லாஹ், தம்பிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டாயே!" அந்த ஒரு சொல் பாராட்டையும் ஈமானையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. குழுவின் பயன் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். தனித்தனியே ஆலோசகரைப் பார்க்கும் தாய்க்கு அந்த நன்னி கிடைக்கமாட்டார்.

பிள்ளை கோபத்தில் இருக்கும்போது சிறிது நேரம் அமைதியாகத் தனியே உட்காரவைப்பது என்று ஒரு பாடம் உண்டு. வெளிநாட்டுக் காணொளியில் அந்தப் பிள்ளைக்குத் தனி அறை இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே மரம் தெரிகிறது. ஓரறை வாடகை வீடு ஏறக்குறைய 33 சதுர மீட்டர். அதில் படுக்கை, அடுப்படி, பாட்டியின் மருந்துப் பெட்டி, மடித்து வைத்த மெத்தைகள், ஆறு பேர். எங்கே உட்காரவைப்பது? தாய்மார்களே கூடிப் பேசி, ஒரு சிறு பாயைத் தேர்ந்தெடுத்தார்கள். பாயை விரித்தால் அது அமைதிக்கு உரிய இடம், சுருட்டினால் மறைந்துபோகும். பாயில் பிள்ளையை மட்டும் உட்காரவைக்காமல், சில நேரம் அம்மாவும் போய் உட்கார்ந்துகொள்வது என்ற திருத்தமும் அவர்களுடையதே. தொழுகை விரிப்பை மட்டும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். தண்டனையோடு அது பிள்ளையின் மனத்தில் ஒட்டிக்கொள்ளக் கூடாது.

அடி பற்றிப் பேசாமல் முடியாது. ரோத்தான் நம் வீடுகளில் பலவற்றில் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. தொங்காத வீட்டில் தோசைக் கரண்டி இருக்கிறது. மார்க்கம் அனுமதிக்கிறதே என்பார்கள். இதற்கு விளக்கம் சொல்வது எங்கள் தகுதிக்கு மேற்பட்டது என்பதால் ஓர் உஸ்தாதாவை அழைத்தோம். அவர் வாதம் எதுவும் செய்யவில்லை. ஹதீஸ் நூல்களில் பதிவான சில செய்திகளை மட்டும் எடுத்துச் சொன்னார். பெருமானார் (ஸல்) அவர்கள் ஸஜ்தாவில் இருக்கும்போது பேரர் முதுகில் ஏறிக்கொள்ள, பிள்ளை இறங்கும் வரை ஸஜ்தாவை நீட்டியது. அனஸ் (ரலி) அவர்கள் பத்தாண்டு பணிவிடை செய்தும் ஒருமுறைகூடச் சலிப்பான சொல் கேட்காதது. பெருமானார் தம் கையால் எந்தப் பெண்ணையும் பணியாளரையும் அடித்ததில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்தது. எனக்குப் பத்துப் பிள்ளைகள், ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று சொன்ன அக்ரஃ என்பவருக்குக் கிடைத்த பதில், இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்ற கருத்தில் அமைந்தது. அன்று குழுவில் நீண்ட நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு தாய் எழுப்பிய கேள்விதான் மிக முக்கியமானது: "சரி, அடிக்கவில்லை. அவன் அத்தா இரவு வேலை. பகலில் தூங்குகிறார். சத்தம் போட்டால் அவர் எழுந்துவிடுவார். நான் என்ன செய்ய?"

இதற்கு எந்தப் பயிற்சிநூலிலும் உத்தி இல்லை. ஒரே அறையில் ஒருவர் தூங்க, மூன்று பிள்ளைகள் மூச்சுவிடாமல் இருக்க வேண்டும் என்றால், அந்த வீட்டில் விழும் அடியில் பாதி இடப்பற்றாக்குறையின் அடி. நாங்கள் செய்தது பிள்ளை வளர்ப்புப் பாடத்தில் சேராத வேலை: வீட்டுக்குப் பக்கத்து நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கிறது, மாணவர் பராமரிப்பு நிலையத்தில் இடம் கிடைக்குமா, குடும்பச் சேவை நிலையத்தில் யாரைப் பார்ப்பது என்று கூடவே அலைந்தோம். பெரியவன் இப்போது மாணவர் பராமரிப்பில் இருக்கிறான். சின்னவர்கள் இருவரையும் அந்த அம்மா பத்து மணிக்குக் கீழ்த்தளத்துக்கு அழைத்து வருகிறார். குழுவில் பழகிய இன்னொரு தாயும் அந்நேரம் அங்கே வந்துவிடுகிறார்.

இதையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்: பயிற்சி வறுமையைப் போக்காது. பிள்ளை வளர்ப்புத் திட்டங்கள் பலவற்றைச் சேர்த்து ஆராய்ந்த ஒரு தொகுப்பாய்வு 2013-இல் வந்தது. வசதி குறைந்த குடும்பங்களில், சிக்கல் கடுமையாக இருந்த பிள்ளைகளுக்குப் பயிற்சி முடிந்த உடனே கிடைக்கும் பலன் மற்றவர்களுக்குக் கிடைப்பது போலவே இருக்கிறது. ஆனால் ஓராண்டு கழித்துப் பார்த்தால் அவர்களிடம் அந்தப் பலன் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று அது காட்டியது. வாழ்க்கை நெருக்குதல் அப்படியே இருக்க, பழக்கம் மட்டும் எத்தனை நாள் தாங்கும்? ஆகவே எட்டு வாரம் நடத்தி, சான்றிதழ் கொடுத்து, படம் எடுத்து முடித்துக்கொள்வதில் எங்களுக்கு உடன்பாடில்லை. முடிந்த பிறகும் மாதம் ஒரு ஞாயிறு கூட வேண்டும். இருவர் இருவராகச் சேர்த்து, வாரம் ஒருமுறை ஒருவருக்கொருவர் தொலைபேசியில் பேசிக்கொள்ளும் ஏற்பாடு தொடர வேண்டும். இப்போதைக்கு அது தாய்மார்களின் சொந்த முயற்சியில்தான் ஓடுகிறது.

இன்னொன்றும் உண்டு. சங்கம் மாதந்தோறும் கொடுக்கும் அரிசி, மளிகைப் பையை இந்த வகுப்புக்கு வருபவர்களுக்கு மட்டும் கொடுத்தால் வருகை கூடுமே என்று ஒரு யோசனை வந்தது. பிலிப்பீன்ஸ் அரசாங்க உதவித்தொகைக்குக் குடும்ப மேம்பாட்டுக் கூட்டத்துக்கு வருவது நிபந்தனையாகவே இருக்கிறது. அரசாங்கத்துக்கு அது பொருந்தலாம். நாங்கள் வேண்டாம் என்கிறோம். அரிசிக்காக வந்து உட்காரும் தாய், தன் வீட்டில் நடப்பதை வாய் திறந்து சொல்லமாட்டாள். நாங்கள் கேட்க விரும்புவதையே சொல்வாள். சதக்காவின் கண்ணியமும் கெடும். வராதவர்களுக்கும் பை போகட்டும்.

துணைப்பாட வகுப்பா, தாய்மார் குழுவா என்று கேட்டால், துணைப்பாடத்தைக் குறைக்க நாங்கள் கேட்கவில்லை. நம் சங்கத்தின் பெருமையே அது. ஆனால் துணைப்பாட ஆசிரியர்களே எங்களிடம் சொல்கிறார்கள்: வகுப்பில் உட்காரவே முடியாத பிள்ளை, கூப்பிட்டால் கையைத் தலைக்கு மேல் தூக்கித் தடுத்துக்கொள்ளும் பிள்ளை, இவர்களுக்குப் பெருக்கல் வாய்ப்பாட்டைக் கொடுத்து என்ன செய்வது என்று. அந்தப் பிள்ளைகளின் தாய்மார்கள்தான் எங்கள் அறையில் இருக்கிறார்கள். இரண்டு அறைகளுக்கும் இடையே ஒரு கதவு இருக்கட்டும் என்கிறோம்.

எங்களுக்குத் தேவையானவை இவை. ஞாயிறு மாலைகளில் சிறு மண்டபமும் அடுத்த அறையும், ரமலான் மாதம் நீங்கலாக. சாப்பாட்டுச் செலவுக்கு ஓராண்டு உறுதி. உணவகம் நடத்தும் நம் உறுப்பினர்கள் முறைவைத்துக் கொடுக்க முன்வந்தால் அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இன்னும் இரண்டு பெண்கள். குழு நடத்தப் பயிற்சி பெறத் தமிழ் சரளமாகப் பேசும் மூன்று ராத்தாமார். படிப்பு எவ்வளவு என்று கேட்கமாட்டோம், பிறர் சொன்னதை வெளியே சொல்லாதவர்களாக இருந்தால் போதும். ஆங்கிலத்தில் இருக்கும் வீட்டுப்பாடத் தாள்களைப் பேச்சுத் தமிழில் எழுதித் தர ஒருவர்; இலக்கணத் தமிழில் வேண்டாம், அன்புகூர்ந்து.

தகப்பன்மார்களைப் பற்றி ஏன் பேசவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். அவர்களுக்கும் ஒரு குழு வேண்டும் என்று தாய்மார்களே கேட்கிறார்கள். அதை நாங்கள் நடத்த இயலாது. இந்த மண்டபத்தில் முன்வரிசையில் இருப்பவர்களில் யாராவது இருவர் முன்வந்தால், பாடத்தையும் பாயையும் தந்துவிடுகிறோம்.

அடுத்த குழு ஷவ்வால் மாதம் இரண்டாவது ஞாயிறு தொடங்குகிறது. பெயர் தர விரும்புவோர் மண்டப வாசலில் தேநீர் மேசைக்கு அருகில் இருக்கும் எங்கள் சகோதரிகளிடம் தரலாம்.

வஸ்ஸலாம்.